கண் திறந்த படம் ஒன்று வேண்டும்

எங்கள் ஊர்ப் புகைப்படக்காரர்கள் சேர்ந்து ஒரு சிறப்பு மலர் போடுகிறார்களாம். மூன்று பேர் வீட்டுக்கு வந்து, நிச்சயதார்த்த ஜோடியைப் படத்துக்குத் தயார்செய்வது பற்றி நான் எழுதித் தர வேண்டும் என்றார்கள். முட்டி வலி, கண்ணில் புரை, மதியத்தில் மின்சாரம் நிற்கிறது என்று மூன்று காரணம் சொன்னேன். ஆளுக்கொரு காரணத்தைத் தள்ளிவிட்டுக் காப்பி குடித்துப் போனார்கள்.

போன மாதம் என் அண்ணன் பேத்தியையும் அவளுக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளையையும் கல்லணையில் வைத்துப் படம் எடுத்தார்கள். துணைக்கு என்னையும் கூட்டிப்போனார்கள். ஏழு உடை, இரண்டு குடை, வாடகைக்கு ஒரு பழைய மோட்டார் சைக்கிள், தலைக்கு மேலே ரீங்காரம் போடும் ஒரு பறக்கும் காமிரா. அது யார் தலையில் விழுமோ என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்ததில் எனக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. மாலையில், படம் எடுத்த பையன், மொத்தம் ஆயிரத்து நானூற்றுச் சொச்சம் படம் என்றான். சொச்சம் எவ்வளவு என்று கேட்டேன். சிரித்தான். அவன் வேலை நன்றாகவே இருந்தது. குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. ஒரு படத்தில் கண்ணை மூடிவிட்டால் அடுத்த படத்தை எடுத்துக்கொள்ளலாம் தாத்தா என்று அவன் சொன்னபோது, ஒரே ஒரு படத்துக்காக ஒரு நிச்சயம் நின்றுபோகப் பார்த்த சனிக்கிழமை எனக்கு நினைவு வந்தது. அதை எழுதலாம் என்று உட்கார்ந்தேன்.

நான் வேதியியல் பட்டதாரி. நாற்பத்தொரு வேலை விண்ணப்பங்களுக்குப் பிறகு சவரிமுத்து மாஸ்டரின் ஸ்டூடியோவில் சேர்ந்தேன். டெவலப்பர் கலக்க அளவு தெரிந்த ஆள் வேண்டும் என்று எடுத்துக்கொண்டார். இரண்டு வருடம் இருட்டறை, இரண்டு வருடம் விளக்குப் பிடிப்பது, பிறகு காமிரா. என் பயிற்சி அவ்வளவுதான்.

ஸ்டூடியோ கீழராஜ வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில், பதினேழு படி ஏறி, மாடியில் இருந்தது. தொண்ணூறுகளில் எங்களிடம் வந்த ஜோடிகளில் பாதிக்கு மேல் மாப்பிள்ளைக்கு வெளிநாட்டு வேலை. ஆற்றுத் தண்ணீரை நம்பிக் குறுவை போட முடியாத வருடங்கள் அவை. மஸ்கட், குவைத், சிங்கப்பூர் என்று பையன்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். ஒரு லீவில் நிச்சயம், இரண்டு வருடம் கழித்து அடுத்த லீவில் கல்யாணம். அந்த இரண்டு வருடமும் இருவருக்கும் நடுவில் இருப்பது ஒரு ஜோடிப் படம். ஒரு பிரதி அவன் பெட்டியில் போகும். இன்னொன்று பெண் வீட்டு டிவியின் மேல் நிற்கும். வேறு எந்தப் படத்தையும்விட அதற்குத்தான் மாஸ்டர் அதிகம் பயந்தார்.

அதனால் அவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். படத்துக்கு முதல் நாள் இரண்டு பேரும் வர வேண்டும். நகை வேண்டாம், பட்டு வேண்டாம். அதற்கு ‘முகம் பார்க்கிறது’ என்று பெயர். வந்தவர்களை முக்காலிகளில் உட்காரவைத்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒருமுறை சுற்றி வருவார். யார் உயரம், யாருக்கு எந்தத் தோள் இறங்கியிருக்கிறது, யார் நிறம் வெளிச்சத்தைத் தின்னும் என்று மனதில் குறித்துக்கொள்வார். குள்ளமானவர் முக்காலியின் கீழ் செங்கல் வைப்பேன். ஒன்றா இரண்டா என்று விரலால் காட்டுவார். மூக்கிலும் நெற்றியிலும் எண்ணெய் வழிந்தால் மை ஒற்றும் தாளால் ஒற்றி எடுப்போம். பிறகு காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு யாரும் விறைப்பான முகத்தோடு பதில் சொல்ல முடியாது. பேசிக்கொண்டிருக்கும்போதே, காமிராவில் பிலிம் இல்லாமல், நான் பிளாஷை மட்டும் பத்துப் பதினைந்து தடவை அடிப்பேன். வெளிச்சம் பழகிப்போகும். மறுநாள் அவர்கள் உண்மையான படத்துக்கு உட்காரும்போது, அது ஏற்கெனவே நடந்து முடிந்த ஒன்றாக இருக்கும்.

எல்லா ஜோடியும் இப்படி வராது. கூத்தாநல்லூரில் ஒரு கடைக்காரர் வீட்டில், நிக்காஹ் முடியும் வரை ஒன்றாக உட்காரக் கூடாது என்றார்கள். மாப்பிள்ளையை முன்கூடத்தில் எடுத்தேன், பெண்ணை உள்ளறையில். இருட்டறையில் இருவரையும் ஒரே தாளில் சேர்த்தபோது, ஒருவரையொருவர் பார்க்கும்படி தலைகள் அமைந்திருந்தன. நான் திட்டமிட்டுச் செய்ததில்லை. படத்தைப் பார்த்த மாப்பிள்ளையின் வாப்பா, இவர்களை யார் பார்க்க விட்டது என்று என்னைக் கேட்டார். திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணத்துக்குப் படம் எடுக்கப் போன இடத்தில் அந்தப் பெரியவர் என்னைத் தனியே கூப்பிட்டு, எங்களுக்கு நிச்சயப் படம் எடுக்கவே இல்லை, இப்போது ஒன்று அந்த மாதிரி எடுங்கள் என்றார். அந்த மாதிரி என்றால் எப்படி என்று கேட்டேன். அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. அம்மாள்தான் நாற்காலியை அவரிடமிருந்து அரை அடி தள்ளிப் போட்டுக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டார்.

இனி அந்தச் சனிக்கிழமை.

பெண் ரோஸ்லின், பூதலூர் பக்கம். தகப்பனார் சூசை, நாலு மா நிலமும் ஒரு பம்புசெட்டும் உள்ளவர். மாப்பிள்ளை பீட்டர், மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். மறுநாள் ஞாயிறு பூசை முடிந்து, பெண் ஊர் மாதா கோயில் வளாகத்தில் நிச்சயம். அதன் பிறகு பங்குச் சாமியாரிடம் பெயர் கொடுத்து வைப்பார்கள். அடுத்த லீவில் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசித்து, அதாவது கல்யாண அறிவிப்பைப் படித்து, திருமணம். பீட்டருக்கு அந்த வாரமே விமானம். முகம் பார்க்க நாலு பேர் வந்திருந்தார்கள்: அவர்கள் இருவர், சூசை, பீட்டரின் தாயார் லூர்தம்மாள். லூர்தம்மாள் கணவர் இல்லாமல் நாலு பிள்ளைகளை ஆளாக்கியவர். உட்காரச் சொன்னால் நிற்பார்.

ஐப்பசி மாதம். வானம் காலையிலிருந்தே மூடியிருந்தது. மாஸ்டர் சுற்றி வந்தார். ரோஸ்லின் பக்கம் ஒரு செங்கல் என்று காட்டினார். என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். பீட்டர் எட்டு இட்லி என்றான். பத்து என்று அவன் அம்மா திருத்தினார். ரோஸ்லின் சிரித்துவிட்டாள். நான் பிளாஷை அடித்தேன். அவள் கண் மூடியிருந்தது.

இரண்டாவது, மூன்றாவது, எட்டாவது. ஒவ்வொன்றிலும் மூடியது. நான் பொத்தானை அழுத்துவதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிடுகிறதோ என்றுகூட நினைத்தேன். ஐந்து வயதில் கோயில் திருவிழா வாணவேடிக்கையில் ஒரு வெடி அவள் முகத்துக்கு நேரே வெடித்ததாம். கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றிலிருந்து திடீர் வெளிச்சம் என்றால் இமை தானாக விழுந்துவிடும். இதைச் சூசை சொல்லவில்லை, ரோஸ்லின்தான் சொன்னாள். சூசை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பீட்டர் சட்டைப் பையிலிருந்து ஒரு படத்தை எடுத்தான். ஐந்து மாதத்துக்கு முன் மஸ்கட்டுக்கு அனுப்பிய பெண் படம். எங்கள் ஸ்டூடியோவில், நான் இல்லாத ஒரு நாளில் எடுத்தது. அதைப் பார்த்துத்தான் அவன் சம்மதம் சொல்லியிருந்தான்.

“இதுல நல்லாத்தானே தெறந்திருக்கு,” என்றான்.

அந்தப் படத்தை ரோஸ்லின் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாள். கையில் வாங்கி ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தாள். பிறகு அவனிடமே திருப்பிக் கொடுத்தாள்.

“இது என் கண்ணு இல்லைங்க.”

சூசை, ஏம்மா, என்றார். மாஸ்டர் வேட்டி நுனியால் ஒரு லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார். சங்கடம் வந்தால் அவர் சுத்தமான லென்ஸையே துடைப்பார்.

“நான் வரைஞ்சதும்மா,” என்றார். “அன்னைக்கு நாலு படம் எடுத்தேன். நாலுலயும் மூடியிருந்துச்சு. அப்பா ரொம்பக் கேட்டுக்கிட்டார்.”

பீட்டர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். “அப்ப இது யாரு கண்ணுங்க?”

மாஸ்டர் கொஞ்சம் யோசித்தார். “எனக்கு ஒரு கண்ணுதான் தம்பி வரையத் தெரியும்.”

அது உண்மை. மூடிய கண்களுக்கு மேல் அவர் தூரிகையால் வரைந்த கண்கள் எல்லாம் ஒன்றே: கொஞ்சம் மேல்நோக்கி, இடது பக்கம் ஒரு வெள்ளைப் புள்ளி. அதே கண்கள் அப்போது தஞ்சாவூர் ஜில்லாவில் குறைந்தது இருபத்தாறு வீட்டுச் சுவர்களில் இருந்தன. நான் எண்ணியிருக்கிறேன். அதில் இரண்டு ஆண்கள்.

லூர்தம்மாள் சிரிக்கவில்லை. முதலில் அவருக்குப் பெண்ணின் பார்வை மேல் சந்தேகம் வந்தது. சுவரில் தொங்கிய நாள்காட்டியைக் காட்டி அடியில் இருப்பதைப் படிக்கச் சொன்னார். பத்தடி தள்ளி உட்கார்ந்தபடியே ரோஸ்லின் அச்சகத்தின் பெயர், தெரு, ஊர் எல்லாம் படித்தாள். ஊருக்குப் பக்கத்தில் ஒரு எறும்பு போகிறது என்றும் சொன்னாள். நான் எழுந்து போய்ப் பார்த்தேன். போய்க்கொண்டிருந்தது.

“சரி, கண்ணு நல்ல கண்ணுதான்,” என்றார் லூர்தம்மாள். “ஆனா படத்துல மூடியிருந்தா நான் எப்படி வீட்டுல வைப்பேன்? எங்க வீட்டுல கண்ணு மூடின படம் ஒண்ணுதான் இருக்கு. அவங்கப்பாவைப் பெட்டியில வெச்சு எடுத்தது.”

எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் அடக்கத்துக்கு முன் அப்படி ஒரு படம் எடுப்பது வழக்கம். நானே பல எடுத்திருக்கிறேன். அந்த அம்மாள் சொன்னது வெறும் பிடிவாதம் இல்லை என்று எனக்கு அந்த நிமிடமே தெரிந்தது. மகன் கடல் தாண்டிப் போகிறான். அவன் பெட்டியில் அப்படி ஒரு படம் போகக் கூடாது. வரைந்த கண்ணும் இனிமேல் வேண்டாம். அவர் முடிவாகச் சொன்னார்: கண் திறந்த படம் ஒன்று இன்றைக்கே வேண்டும். இல்லாவிட்டால் நிச்சயத்தை அடுத்த லீவுக்கு வைத்துக்கொள்ளலாம்.

அடுத்த லீவு என்றால் என்ன அர்த்தம் என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். சூசை சுவரில் சாய்ந்துகொண்டார். மறுநாள் சாப்பாட்டுக்கு அவர் ஊரில் பந்தல் போட்டாகிவிட்டது. பீட்டர், அம்மா, என்று ஆரம்பித்தான். நீ சும்மா இருடா என்றதும் சும்மா இருந்தான்.

பிளாஷ் வருவதற்கு முன்னால் உபயோகித்த பெரிய விளக்குகளை எரியவிட்டோம். தொடர்ந்து எரியும் வெளிச்சம் என்பதால் இமை மூடவில்லை. ஆனால் அந்தச் சூட்டில் அவள் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. அழுகிற பெண்ணையும் டிவி மேல் வைக்க முடியாது. நீரைத் துடைத்த கையோடு எடுத்துப் பார்க்கலாம் என்று நான் கைக்குட்டை தேடும்போது மின்சாரம் போய்விட்டது.

இருட்டில் மாஸ்டர் அண்ணாந்து பார்த்தார். நானும் பார்த்தேன். அந்தக் கட்டடத்துக்கு மின்சாரம் வருவதற்கு முன் அங்கே ஸ்டூடியோ வைத்திருந்தவர், நாங்கள் நின்றிருந்த பின்னறையின் கூரையில் வடக்குப் பார்த்துக் கண்ணாடி போட்டிருந்தார். வெயில் தாங்காமல் மாஸ்டர் அதன் மேல் தகரம் அடித்து மூடியே பல வருடம் ஆகியிருந்தது. நாங்கள் இருவரும் தூறலில் ஏறி ஒன்பது தகரங்களைப் பெயர்த்தோம். வழுக்கி விழுந்தால் என் குடும்பத்தை யார் பார்ப்பது என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். மாஸ்டர் அடுத்த தகரத்தைப் பெயர்த்தார். அவருக்கு அப்போது அறுபத்து மூன்று வயது.

இறங்கி வந்து அறையைப் பார்த்தேன். அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. பதினோரு வருடம் நான் வேலை செய்த அறை அது. மழை வெளிச்சம் மேலிருந்து, சத்தமில்லாமல், இறங்கி நின்றது. உடைந்த முக்காலிகூட மரியாதையாகத் தெரிந்தது. நடுவில் உட்கார்ந்திருந்த ரோஸ்லின் அண்ணாந்து பார்த்தாள். அப்போதுதான் அவள் கண்ணை நான் முதலில் சரியாகப் பார்த்தேன். பெரிய கண்கள் இல்லை. வலது இமை ஒரு நூல் இறங்கியிருக்கும். ஒவ்வொரு கருவிழியிலும் கூரையின் கண்ணாடிச் சதுரங்கள் சின்னதாக நின்றன. மாஸ்டர் வரைந்த அந்த இருபத்தாறு ஜோடிகளில் இப்படி ஒன்றும் கிடையாது. மாஸ்டரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கை தூரிகை பிடிப்பதுபோல் ஒருமுறை அசைந்து நின்றது.

சிக்கல் வேறு மாதிரி வந்தது. அந்த வெளிச்சத்துக்கு ஷட்டர் ஒரு விநாடி முழுதும் திறந்திருக்க வேண்டும். ஒரு விநாடி இரண்டு பேர் துளிகூட அசையாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு லென்ஸ் இருக்கும் பழைய காமிராவை மூன்றுகால் தாங்கியில் பூட்டினேன். அதில் ஒரு வசதி, படம் பதிவாகும்போதும் மேல் கண்ணாடியில் ஆளைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். பிலிம் கறுப்பு வெள்ளை. கலர் என்றால் திருச்சிக்கு அனுப்ப வேண்டும், நாங்களே கழுவ முடியாது. கலர் இல்லையா என்று லூர்தம்மாள் கேட்டார். ஒரு சுருளில் பன்னிரண்டு படம். வேறு சுருள் அன்று கடையில் இல்லை.

முதல் ஆறு படம் வீண். இருவரும் தனித்தனியே, இடைவெளி விட்டு உட்கார்ந்து, மூச்சை அடக்கி, நெல் நாற்றுபோல் ஆடினார்கள். கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்த எனக்கே தெரிந்தது. ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தால்தான் நிற்கும் என்று மாஸ்டர் மெதுவாகச் சொன்னார். பீட்டர் அம்மாவைப் பார்த்தான். கல்யாணத்துக்கு முன்னாடி தோள் படலாமா என்று சூசைதான் கேட்டார். அந்த நேரத்தில் இன்னொரு படமும் வீணானது. வானம் இன்னும் இருண்டது.

லூர்தம்மாள் எழுந்து வந்தார். மகன் தோளைப் பிடித்து ஒரு தள்ளு தள்ளினார்.

“கிட்ட உட்காருடா. ஒட்டடைக் கம்பு மாதிரி விறைச்சிருக்க.”

தோள் பட்டது. பீட்டர் காது சிவந்தது அந்த வெளிச்சத்திலும் தெரிந்தது. எட்டும் ஒன்பதும் எடுத்தேன். அசைவு நின்றிருந்தது, ஆனால் வெளிச்சம் போதவில்லை. பத்தாவதுக்கு ஷட்டரைத் திறந்தேன். திறந்து பாதி விநாடி இருக்கும், கூரை முழுதும் வெள்ளையானது. மின்னல். ஒரு வெட்டு, உடனே இன்னொரு வெட்டு. இரண்டு என்று நான் எண்ணினேன். என்னையறியாமல் எண்ணுவது என் சுபாவம். கண்ணாடியில் அவள் முகம் இரண்டு தடவையும் தெரிந்தது. நான் கண்டதை நான் நம்பவில்லை, யாரிடமும் சொல்லவுமில்லை. இடி வந்தது, பின்னாலேயே மழை வந்து கண்ணாடி இடுக்குகளில் ஒழுகியது. காமிராவை அணைத்துக்கொண்டு முன்னறைக்கு ஓடினோம். இரண்டு படம் எடுக்காமலே நின்றுபோனது.

பிலிமைக் கழுவ மின்சாரம் தேவையில்லை. பிரதி போடத் தேவை. ஈர நெகட்டிவை ஜன்னலில் பிடித்து உருப்பெருக்கியால் பார்த்தேன். ஒன்பது படமும் ஆவிபோல் மங்கியிருந்தன. பத்தாவது மட்டும் ஊசியால் கீறியது மாதிரி தெளிவாக இருந்தது. மாஸ்டரிடம் கொடுத்தேன். அவர் பார்த்துவிட்டு, சிலுவை போட்டுக்கொண்டு, திரும்பவும் பார்த்தார். லூர்தம்மாள் படிக்கட்டில் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தார். சூசை டீ வாங்கி வந்தார், யாரும் குடிக்கவில்லை. அஞ்சரை மணிக்கு மின்சாரம் வந்தது.

ஈரம் சொட்டும் படத்தைத் தட்டோடு கொண்டுவந்து லூர்தம்மாள் முன்னால் வைத்தேன். அவர் முதலில் பெண்ணைத்தான் பார்த்தார். ரோஸ்லினின் இரண்டு கண்ணும் திறந்திருந்தன. கருவிழியில் கூரைச் சதுரங்கள் பளிச்சென்று எரிந்தன. பிறகு அவர் பார்வை பக்கத்தில் போனது. பீட்டர் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தான். முதல் வெட்டுக்கு அவன் மூடிவிட்டான். இரண்டாவது வெட்டு அவனை அப்படியே பிடித்துவிட்டது. அவள் முதல் வெட்டுக்கும் மூடவில்லை.

மகன் கண் மூடிய படம். அந்த அம்மாளுக்கு இதைவிடக் கெட்ட சகுனம் என்ன இருக்க முடியும் என்று நினைத்தேன். மாஸ்டர் தொண்டையைச் செருமினார். வேண்டுமானால் தம்பி கண்ணை நான், என்று இழுத்தார்.

“வேணாங்க,” என்றான் பீட்டர். “எனக்கும் அதே கண்ணுதான் வரும்.”

லூர்தம்மாள் அதைக் காதில் வாங்கவில்லை. ரோஸ்லினைப் பார்த்து, அத்தனை பெரிய மின்னலுக்கு நீ எப்படிம்மா மூடாம இருந்தே, என்று கேட்டார்.

ரோஸ்லின் எங்கள் எல்லோர் முகத்தையும் பார்த்தாள்.

“மின்னலா?” என்றாள். “எப்ப மின்னுச்சு?”

அவள் கேலி செய்யவில்லை. நடிக்கவும் இல்லை. ஐந்து வயதிலிருந்து ஒரு தீக்குச்சிக்குக்கூட மூடிய கண், தலைக்கு மேல் வானம் பிளந்ததைக் கவனிக்கவே இல்லை. அவளுடைய இடது தோள் பீட்டரின் வலது தோளில் சாய்ந்திருந்தது. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். என் வேதியியல் அதற்கு மேல் போகவில்லை.

லூர்தம்மாள் படத்தின் மேல் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

“இவன் சின்னதுலேர்ந்தே தூங்குமூஞ்சி. பக்கத்துல முழிச்சிருக்க ஒரு ஆளு வேணும்தான்,” என்றார். பிறகு சூசையிடம், “நாளைக்குப் பூசைக்கு நேரத்தோட வந்துடுறோம் சம்பந்தி. பந்தலை நனையாமப் பாத்துக்குங்க.”

சூசை ஆறிப்போன டீயை ஒரே மூச்சில் குடித்தார்.

இரண்டு வருடம் அந்தப் படம் அவர்கள் இருவரிடமும் இருந்தது. கல்யாணத்துக்கும் எங்களைத்தான் கூப்பிட்டார்கள். கோயிலுக்குள் பிளாஷ் இல்லாமல் முடியாது. ஒரு சுருள் கலர் பிலிம், முப்பத்தாறு படம். பீட்டர் எல்லாவற்றிலும் கண்ணை அகலத் திறந்து வைத்திருந்தான்; பழகிக்கொண்டு வந்திருப்பான்போல. ரோஸ்லின் முப்பத்தாறிலும் மூடியிருந்தாள். ஆல்பத்தைக் கொடுக்கப் போன அன்று எனக்குப் பஸ்ஸிலேயே வியர்த்தது. லூர்தம்மாள் ஒவ்வொரு பக்கமாக, நிதானமாகப் புரட்டினார். நான் முந்திக்கொண்டு, பிளாஷ் என்பதால், என்று ஆரம்பித்தேன்.

“இருக்கட்டும் தம்பி,” என்றார், அடுத்த பக்கத்தைப் புரட்டியபடி. “அவ கண்ணு எப்படி இருக்கும்னுதான் எங்களுக்குத் தெரியுமே.”